ஒரு தரம் கூப்பிட்டால் போதும்

கைபேசி முதல் மணி அடித்ததுமே எடுத்துவிட்டேன். நெய்வேலி டவுன்ஷிப் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு அது விட்டுப்போகாத கைப்பழக்கம். மந்தாரக்குப்பத்திலிருந்து அஞ்சலை பேசினாள். "அக்கா, எங்கண்ணன் போயிட்டாருக்கா" என்றாள். நான் "எங்கே?" என்று கேட்டேன். துக்கச் செய்திக்குக் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அவர் விஷயத்தில் எனக்கு அப்படித்தான் வாயில் வந்தது.

"எங்கன்னு கேக்குறியே. செத்துட்டாருக்கா. மத்தியானம் எலையில ஒக்காந்தவரு அப்படியே செவுத்துல சாஞ்சிட்டாராம். நாளைக்கே மண்ணுல வெச்சிடுவாங்களாம். பதினாறாம் நாளு கூப்புடுவோம், அதுவரைக்கும் ஒரு சாங்கியமும் செய்யாதன்னு மடத்துல சொல்லிக்கினு இருக்காங்க. நான் கூடப் பொறந்தவ இல்லியா?" என்றாள். அழுதாளா கோபப்பட்டாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எக்ஸ்சேஞ்சில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் கலியமூர்த்தி. மடத்துக்குப் போய்வந்தவர்களுக்கு அவர் மீண்டார். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இரண்டும் தெரியாதவர்களுக்கு மடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் கடைசியில் சொல்லப்போவதைக் கேட்டு, இவளுக்குத்தான் மந்திரிக்க வேண்டும் என்பீர்கள்.

வடக்குத்து ஊரைத் தாண்டி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஓடு வேய்ந்த ஒரு கூடமும் சமையற்கட்டும் கிணறும் இருக்கின்றன. பெயர்ப்பலகை கிடையாது. அதுதான் மறுமொழி மடம். ஊர்க்காரர்கள் கூப்பிடுசாமி மடம் என்பார்கள். உள்ளே சிலை இல்லை, லிங்கம் இல்லை, சுவரில் ஒரு படம்கூட இல்லை. அவர்களுடைய தத்துவத்துக்கு ஓர்விளி நெறி என்று பெயர். மற்றவர்கள் 'நான் யார்' என்று கேட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்காருவார்கள். இவர்களோ அந்தக் கேள்வியே தப்பு என்பார்கள். நான் என்று உள்ளே ஒரு பொருள் உட்கார்ந்திருக்கவில்லை. யாரோ கூப்பிடுகிறார்கள், ஒரு பதில் எழுகிறது, அந்தப் பதிலுக்கு நாம் வைத்த பெயர்தான் நான் என்பது இவர்கள் கட்சி. மடத்தை உண்டாக்கியவர் ஒரு நாள் காட்டில் தன் பெயரை யாரோ கூப்பிடக் கேட்டு 'இதோ' என்றாராம். சுற்றிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. நாமாக இருந்தால் ஓடியிருப்போம். அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்த இடத்தில்தான் கூடத்தைக் கட்டியிருப்பதாகச் சொல்வார்கள்.

அங்கே துறவிகளுக்குச் சொந்தப் பெயர் இல்லை. நின்றார், உவந்தார், பொறுத்தார், மீண்டார் என்று ஆதியிலிருந்து வரும் பெயர்கள்தான். ஒருவர் இறந்தால் உடலை அடக்கம் செய்துவிட்டு, அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லாமல் காத்திருப்பார்கள். பதினாறாம் நாள் மத்தியானம் இறந்தவருக்கு ஓர் இலை போட்டுச் சோறு பரிமாறிவிட்டு, பெயரை ஒரே ஒரு தரம் கூப்பிடுவார்கள். அங்கே இருப்பவர்களில் யார் வாயிலிருந்து பதில் வருகிறதோ அவருக்கு அந்தப் பெயர். ஆண் பெண் பேதம் கிடையாது. ஒரு காலத்தில் உவந்தாராக இருந்தது காடாம்புலியூர்க்காரப் பெண்மணி. முன்கூட்டி நினைத்துவைத்துக்கொண்டு சொன்னால் செல்லாது, தானாக வர வேண்டும். பதில் வந்துவிட்டால் அவர் சாகவில்லை என்று அர்த்தம், ஆகவே கருமாதி இல்லை. வராவிட்டால் அந்தப் பெயர் முடிந்தது. சொந்தக்காரர்கள் எள்ளும் தண்ணீரும் இறைத்து அனுப்பிவைக்கலாம்.

அப்படி ஒவ்வொரு பெயராகப் பதில் வராமல் போய், கடைசியில் பொறுத்தாரும் மீண்டாரும் மட்டும் மிஞ்சியிருந்தார்கள். இப்போது மீண்டாரும் போய்விட்டார். கூப்பிட ஒருவர், பதில் சொல்ல ஒருவர் என்று இரண்டு பேராவது இல்லாமல் அந்த மடம் இல்லை. பதினாறாம் நாள் பதில் வந்தால் மடம் பிழைக்கும். வராவிட்டால் அஞ்சலைக்கு அவள் அண்ணன் திரும்பக் கிடைப்பார், இறந்துபோன அண்ணனாகவாவது. அவள் வேண்டிக்கொண்டது இரண்டாவதைத்தான்.

கலியமூர்த்தி சார் வடக்குத்துக்காரர். குடும்ப நிலம் சுரங்கத்துக்குப் போனதில் அவருக்கு வேலை வந்தது, பர்மனென்ட் வேலை. நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பாவின் வேலைக்காக வந்து குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். எக்ஸ்சேஞ்சில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவர் இரண்டாவது மணி அடிக்க விட்டதே இல்லை. "மொத தரம் கூப்புடறது பேரு மேடம். ரெண்டாம் தரம் கூப்புடறது சந்தேகம்" என்பார். எடுத்ததும் "இருக்கேன், சொல்லுங்க" என்பார். 'எக்ஸ்சேஞ்ச்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் சத்தம் போடுவார். "நான் எக்ஸ்சேஞ்சு இல்ல சார், ஆளு" என்று இவர் பதில் சொல்லிவிட்டு அடுத்த அழைப்புக்கும் அதையேதான் சொல்லுவார். அப்போது அவருக்கு மடத்தின் தத்துவம் ஒரு வரிகூடத் தெரியாது.

ஓர் ஐப்பசி முற்பகல். மழையில் எல்லா லைனும் செத்துக் கிடந்தன. போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. நான் வெங்காயம் விற்கிற விலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் பாதிப் பேச்சில் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். ரிசீவரை எடுத்து "இருக்கேன், சொல்லுங்க" என்றார். கொஞ்ச நேரம் கேட்டார். தலையாட்டினார். வைத்துவிட்டார்.

"யாரு சார்?" என்றேன்.

"தெரில மேடம். கூப்ட்டாங்க, இருக்கேன்னேன்."

எனக்கு முதுகில் ஒரு மாதிரி ஆகிவிட்டது. காட்டிக்கொள்ளக் கூடாதே என்று, "லைன் இல்லாமலே பேசுறவரு பெரிய ஆளாத்தான் இருப்பாரு, என் டிரான்ஸ்ஃபரையும் ஒரு வார்த்தை கேட்டு வைங்க" என்றேன். அவர் சிரித்தார். வெங்காயப் பேச்சை நான் விட்ட இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அவர் மடத்துக்குள் நுழைந்தது ஒரு பலாப்பழத்தால். ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, தோப்பிலேயே நல்ல பழமாகப் பார்த்து வாங்கலாம் என்று அவரும் அஞ்சலையும் நானும் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. மத்தியானம் யார் வந்தாலும் மடத்தில் சோறு உண்டு என்பதால் உள்ளே ஒதுங்கினோம். பந்தியில் உட்கார்ந்தோம். எங்களுக்கு எதிரே ஆள் இல்லாத ஓர் இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. யாரோ கை கழுவப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அது பழைய மீண்டாரின் பதினாறாம் நாள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பொறுத்தார் எழுந்து நின்று, குரலை உயர்த்தாமல், "மீண்டார்" என்றார்.

ரசத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்த சார், தலையைத் தூக்காமலே, "இருக்கேன், சொல்லுங்க" என்றார்.

நானும் அஞ்சலையும் விழுந்து விழுந்து சிரித்தோம். எக்ஸ்சேஞ்ச்காரனைச் சோற்றில் உட்காரவைத்தாலும் அவன் போனைத்தான் எடுப்பான் என்றேன். கூடத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. பொறுத்தார் அருகில் வந்து, "எலை மாறி ஒக்காந்துட்டீங்களே. ஒங்க எலை அங்க இருக்கு" என்றார். சார் ஏதோ விளையாட்டு என்று நினைத்து எழுந்து போய், அந்த ஆறிய சோற்றைச் சாப்பிட்டார். சாப்பிடச் சாப்பிட அவர் முகத்திலிருந்த சிரிப்பு மட்டும் போய்விட்டது. நாங்கள் கிளம்பும்போது பொறுத்தார் வாசல்வரை வந்தார். "இங்கியே இருக்கணும்னு இல்லீங்க. வூட்டுக்குப் போங்க, வேலைக்குப் போங்க. எங்க இருந்தாலும் நீங்கதான்" என்றார். பழம் நல்ல பழம். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து சூப்பர்வைசர் "கலியமூர்த்தி" என்று கூப்பிட்டால் அவர் திரும்பவில்லை. காது மந்தம் என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காதில் ஒரு குறையும் இல்லை. போன் மணிக்கு எடுக்கிறார், பெயருக்குத் திரும்ப மாட்டேன் என்கிறார். நான் ஒரு காரியம் செய்தேன். அவர் போர்டில் மும்முரமாக இருந்த நேரம், பக்கத்து அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, எனக்கே கேட்காத குரலில் அந்த மடத்துப் பெயரைச் சொன்னேன். கதவுக்கு அந்தப் பக்கம் "இருக்கேன், சொல்லுங்க" என்றார். நான் கதவைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று.

வேலையை விட்டார், மடத்திலேயே தங்கிவிட்டார். நெய்வேலியில் ஒருவன் வீட்டை விட்டு ஓடலாம், பெண்டாட்டியை விட்டு ஓடலாம், மன்னித்துவிடுவார்கள். பர்மனென்ட் வேலையை விட்டவனை மன்னிக்க மாட்டார்கள். டீக்கடையில், மார்க்கெட்டில், ஷிஃப்ட் பஸ்ஸில் எல்லாம் அதே பேச்சு. அஞ்சலை மடத்து வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள். "காணாம போயிருந்தாலும் தேடுவேன், செத்துருந்தாலும் அழுவேன். இவரு எதுர்லயே ஒக்காந்துகினு யாரோவா இருக்காரேக்கா" என்றாள். 

அதற்குப் பிறகும் நான் அவரைப் பார்க்க மடத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். வருஷங்கள் ஓடின. எக்ஸ்சேஞ்சை மூடினார்கள், நான் ரிட்டையர் ஆனேன், குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடக்குத்தில் சொந்த வீட்டுக்கு வந்தோம். சுரங்கத்து மண்மேடு மடத்தின் பின்பக்கம் தெரிகிற அளவுக்கு நெருங்கிவிட்டது. ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது வயதான பெண் ஒருத்தி வந்தாள். பார்த்ததும் சார், "கால்ல அந்த முள்ளு ஏறன எடம் இன்னும் நோவுதா?" என்றார். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயதில் முந்திரிக்கொட்டை பொறுக்கும்போது முள் ஏறியதாம். எடுத்துவிட்டவர் பழைய மீண்டார். அந்தப் பெண்ணைக் கலியமூர்த்தி சார் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அவள் போனதும் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாது மேடம். கேள்வி வாய்க்கு வந்துச்சு, கேட்டேன்."

"எங்கம்மா என்ன சொல்லி வளர்த்தா தெரியுமா? 'ஏட்டி, வெளியில இருந்து ஒரு தடவ கூப்பிட்டா வாயத் தொறக்காதட்டி, பேய் ஒரு தடவதான் கூப்பிடும்'னு சொல்லுவா. நீங்க ஒரு மடமே கட்டி, ஒரு தடவை கூப்பிட்டதும் வாயைத் திறக்கிறீங்க."

 "அப்போ பேய்க்குக் கூட நம்ம மேல சந்தேகம் இல்ல மேடம். மனுசாளுங்கதான் மூணு தரம் கூப்புடறோம்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றும் இருந்தது. போகும்போது, "நீங்க போயிட்டா யார் வந்து இருக்கேன்னு சொல்லப் போறாங்க?" என்று கேட்டேன். "ஒடம்பு வாசப்படி மாதிரி. வந்து நிக்கறவங்க நிப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

பதினாறாம் நாளுக்கு முந்தின நாள் அஞ்சலை என் வீட்டுக்கு வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு ஊர்ல எவனும் வரமாட்டான், பயம். நீயும் நானும் பொறுத்தாருந்தான். நீ மட்டும் வாயத் தொறக்காதக்கா. எங்கண்ணனுக்கு ஒரு பிடி எள்ளு எறைச்சிட்டு, அவரு செத்துட்டாருன்னு நான் ஒப்பாரி வெச்சி அழணும். இத்தினி வருசமா அழாம வெச்சிகினு இருக்கேன்" என்றாள். சத்தியம் செய்து கொடுத்தேன். மனதாரத்தான் செய்தேன். மடம் இல்லாமல் போவதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அவள் அழுகையை விட அது பெரிதாகப் படவில்லை.

வாயை நம்ப முடியாது என்பதால், போகும்போது பெரிய பனங்கற்கண்டுத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டேன். பேச வந்தால் அது தடுக்கும் என்று கணக்கு. கூடத்தில் நாங்கள் மூன்று பேர்தான். அஞ்சலையின் மஞ்சள் பையில் எள்ளுப் பொட்டலம் தயாராக இருந்தது. பொறுத்தார் நன்றாகக் கிழண்டுவிட்டார். சோற்றுப் பாத்திரத்தை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். எனக்கு ஓர் இலை, அஞ்சலைக்கு ஓர் இலை, எதிரே ஆள் இல்லாத இலை. சோற்றிலிருந்து ஆவி நேராக எழுந்துகொண்டிருந்தது. வெளியே பட்டப்பகல். சுரங்கத்து இரைச்சல் எப்போதும் போலக் கேட்டுக்கொண்டிருந்தது. காக்கை கத்தியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அஞ்சலையின் கையைப் பற்றியிருந்தேன்.

பொறுத்தார், "மீண்டார்" என்றார்.

நான் காத்திருந்தேன். பதில் வந்தது.

"இருக்கேன், சொல்லுங்க." சாரின் குரல். அதே இழுப்பு, 'சொல்லுங்க'வில் கடைசியில் லேசாகத் தேய்ந்து நிற்கிற அதே நிறுத்தம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எங்கிருந்து வருகிறது என்று ஆள் இல்லாத இலையைப் பார்த்தேன், வாசலைப் பார்த்தேன். பிறகு அஞ்சலையைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுத்தாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்தேன். பனங்கற்கண்டு என் இலையில், சோற்றின் மேல் கிடந்தது.

அஞ்சலை கையை உருவிக்கொண்டாள். என்னை அறையப் போகிறாள் என்று நினைத்தேன், அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். சத்தியம் செய்தவள் நான். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அஞ்சல, அந்தத் தழும்பு முடிக்குள்ள இன்னும் இருக்குதா? ஆயா கிட்ட சொல்லலியே நீ?"

எந்தத் தழும்பு என்று எனக்குத் தெரியாது. அவர்களுடைய ஆயாவை நான் பார்த்ததும் இல்லை.  முந்திரி மரத்திலிருந்து அண்ணன் கைதவறி அவளைக் கீழே விட்டதும், ரத்தத்தை மண் போட்டு அடைத்ததும், வீட்டில் சொல்லாதே என்று அவன் கெஞ்சியதும் பிறகுதான் அவள் எனக்குச் சொன்னாள். அந்த நேரம் மெதுவாக நகர்ந்து என் பக்கம் வந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். தலையைக் குனிந்து, நரைத்த முடியை வகிர்ந்து, என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். ஒரு மேடு தட்டுப்பட்டது. "சொல்லலண்ணா" என்றாள். எள்ளுப் பொட்டலம் பிரிக்கப்படாமல் பைக்குள்ளேயே இருந்தது. அவள் அழுதாள், ஆனால் அது ஒப்பாரி இல்லை.

பொறுத்தார் எதிர் இலையைக் காட்டினார். எழுந்து போய்ச் சாப்பிட்டேன். சோறு ஆறியிருந்தது.

நான் வீட்டில்தான் இருக்கிறேன். மத்தியானம் மடத்துக்கு நடந்து போய், ஒரு தரம் கூப்பிட்டதும் பதில் சொல்லிவிட்டு, மாலைக் காப்பிக்குத் திரும்பிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் "கோமதி, கோமதி" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் எழுந்து வந்து தோளைத் தொடுகிறார். அவருக்குக் கோபம் இல்லை, பயம் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. அஞ்சலை வெள்ளிக்கிழமைகளில் கருவாட்டுக்குழம்பு கொண்டுவருகிறாள். எனக்குக் கருவாடு பிடிக்காது என்று ஊருக்கே தெரியும். இப்போது தட்டை வழித்துச் சாப்பிடுகிறேன்.

எக்ஸ்சேஞ்சில் அவரோடு இருந்தவர்களே, மடத்தில் அவர் கையால் சோறு வாங்கியவர்களே, அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை இவைதான்: இரண்டாவது மணி அடிக்க விடாத கை, ஒரு தங்கையின் தலையில் ஒரு தழும்பு, ஒரு பெயர். அவரை நினைத்துக்கொண்டால் வாய்விட்டுக் கூப்பிடுங்கள். எந்த ஊரில் இருந்தாலும் சரி, ஒரு தரம் கூப்பிட்டால் போதும். இருக்கேன், சொல்லுங்க.